புகையை அளக்கிறார்கள், பிரேக்கை யார் பார்ப்பது?

நானுஓயா – ரதல்ல குறுக்கு வீதியில், 2023 ஜனவரி 20ஆம் திகதி, கொழும்புப் பாடசாலை மாணவர்கள் சென்ற பஸ்ஸொன்று வேனிலும் முச்சக்கர வண்டியிலும் மோதி 7 உயிர்களைப் பலிகொண்ட நாளிலிருந்து, மலையகத்தில் வாகனம் வாங்குவோர் முதலில் விசாரிப்பது பிரேக்கைப் பற்றித்தான், 'ஏ.பி.எஸ். இருக்கிறது' என்று விற்பவர் சொல்லிவிட்டால் அத்துடன் விசாரணை முடிந்துவிடுகிறது. அங்கேதான் அபாயம் ஆரம்பமாகிறது என்பது நமது அபிப்பிராயம்.

மழை நனைத்த வீதியில் பிரேக்கை முழுப் பலத்துடன் மிதித்தால் சில்லுகள் சுழற்சியிழந்து இறுகும். இறுகிய சில்லு வழுக்கும். வழுக்கும் சில்லு ஸ்டியரிங்குக்குக் கட்டுப்படாது. ஏ.பி.எஸ். சாதனமோ, ஒவ்வொரு சில்லின் வேகத்தையும் இடையறாது அளந்து, ஏதேனுமொன்று இறுகப்போகும் க்ஷணத்தில் அதற்குச் செல்லும் பிரேக் எண்ணெயின் அழுத்தத்தை விநாடிக்குப் பலமுறை தளர்த்தியும் கூட்டியும், வண்டியைத் திருப்பும் சக்தி சாரதியின் கையிலேயே இருக்கச் செய்கிறது. அவ்வேளையில் பெடல் காலடியில் கடகடவென்று உதறும். பழைய லொறியில் தொழில் கற்றவர் ஏதோ உடைந்துவிட்டதென்று பயந்து காலை எடுப்பார், அல்லது வழக்கம்போல் விட்டுவிட்டு மிதிப்பார், இரண்டுமே பிழை. மிதித்த காலை எடுக்காமல், வண்டியைத் திருப்ப வேண்டிய பக்கம் திருப்ப வேண்டும்.

ஆனால் மண்சரிந்து சரளை பரவிய வளைவில் இச்சாதனம் வண்டி நிற்கும் தூரத்தைக் கூட்டவும் கூடும். 1,868 மீற்றர் உயரத்து நுவரெலியாவிலிருந்து ரம்பொடை வழியே பிரேக்கிலேயே காலை வைத்துக்கொண்டு இறங்குபவருக்கு, சூடேறிப் பிடியிழந்த பிரேக்கை அது மீட்டுத் தரவும் மாட்டாது. ஏறிய கியரிலேயே இறங்கு என்று கொழுந்து லொறிக்காரர் சொல்லிவந்தது இன்றைக்கும் சாஸ்திரந்தான்; தானியங்கி கியர் வண்டியில் 'எல்' (L) அல்லது 'பி' (B) என்று குறித்திருப்பது அதற்காகவே, அலங்காரத்துக்கல்ல.

வருமான அனுமதிப்பத்திரம் பெற வருடந்தோறும் வாகனத்தின் புகையைப் பரிசோதிக்கக் கட்டாயப்படுத்தும் அரசாங்கம், தனியார் காரின் பிரேக்கைப் பற்றி ஒரு வார்த்தையும் கேட்பதில்லை. ஹட்டனிலிருந்து நாம் பிரயாணம் செய்த வேனொன்றில், ஏ.பி.எஸ். பழுதை அறிவிக்கும் மஞ்சள் விளக்கின்மேல் பிள்ளையார் படமொன்று கச்சிதமாக ஒட்டப்பட்டிருந்தது. "அது எரிஞ்சுகிட்டே இருக்குங்க, கண்ணை உறுத்துது" என்றார் சாரதி. விக்கினங்களைத் தீர்ப்பவருக்கு இப்படியும் ஒரு வேலை!

புகைப் பரிசோதனை நடக்கும் இடத்திலேயே, சாவியைத் திருப்பியதும் அவ்விளக்கு எரிந்து சில விநாடிகளில் அணைகிறதா என்று பார்க்க ஒரு நிமிஷமும் செல்லாது. அதையும் பிரேக் பரிசோதனையையும் அனுமதிப்பத்திரத்துக்கு நிபந்தனையாக்க வேண்டும். உதிரிப்பாகச் செலவை ஏழை வேன்காரர் தாங்குவாரா என்ற ஆட்சேபம் நியாயமானதே. ஆயினும் சேறு படிந்த உணரியோ அறுந்த கம்பியோ மட்டும் காரணமாயிருப்பதும் உண்டு, ஏ.பி.எஸ். பழுதானாலும் சாதாரண பிரேக் பெரும்பாலும் வேலை செய்யுமாதலால், உடனே வண்டியை நிறுத்தாமல் 3 மாதத் தவணை கொடுக்கலாம். சாரதிப் பரீட்சையிலும், ஈரத்தரையில் ஒருமுறை முழு மிதி மிதித்து, உதறும் பெடலைக் கால் உணரும்படி செய்ய வேண்டும். மோட்டார் போக்குவரத்துத் திணைக்களம் இவற்றை ஏப்ரல் வசந்தகாலக் கூட்டம் மலையேறுவதற்கு முன்பாகவே நுவரெலியா மாவட்டத்தில் தொடங்கட்டும்.