நகரக் காவலர் நகரத்துக்கே

2025 மே 22 அன்று அமெரிக்க நீதித் துறை நியூஜெர்சி மாநிலத்தின் நான்கு நகரங்கள் மீது வழக்குத் தொடுத்தது. நியூஆர்க், ஜெர்சி சிட்டி, பேட்டர்சன், ஹோபோக்கன். இந்த நகரங்கள் செய்த குற்றம், குடியேற்றச் சட்டத்தை அமலாக்கும் ‘ஐஸ்’ துறைக்குத் தங்கள் காவலர்களை இரவல் தர மறுத்ததுதான். ஐஸ் அதிகாரிகள் ஊருக்குள் வரக்கூடாது என்று எந்த நகரமும் விதி போடவில்லை, போடவும் முடியாது. ‘உங்கள் வேலையை நீங்கள் செய்யுங்கள், எங்கள் ஆட்களைக் கேட்காதீர்கள்’ என்றன. அந்த நகரங்கள் செய்தது சரி என்பதே நம் நிலைப்பாடு. அவை இன்னும் உறுதியாக நிற்க வேண்டும், நியூஜெர்சியில் வாழும் தமிழர்கள் அவற்றின் பக்கம் நிற்க வேண்டும் என்பதையும் சேர்த்தே சொல்கிறோம்.

நடைமுறையில் இது எப்படி நடக்கிறது என்பதை முதலில் பார்ப்போம். ஒருவர் ஏதோ ஒரு வழக்கில் கைதாகிக் கவுன்டி சிறைக்கு வருகிறார். கைரேகை எடுக்கிறார்கள். அந்த ரேகை எஃப்.பி.ஐ.க்குப் போய், அங்கிருந்து தானாகவே உள்நாட்டுப் பாதுகாப்புத் துறைக்கும் போய்விடுகிறது. ஐஸ் துறைக்கு உதவ மறுத்து ‘புகலிட நகரம்’ என்று பெயர் எடுத்த ஊரானாலும் இதைத் தடுக்க வழியில்லை. ரேகை பொருந்தினால், ஐஸ் சிறை நிர்வாகத்துக்கு ஒரு படிவம் அனுப்புகிறது. இவருக்கு ஜாமீன் கிடைத்தாலும், வழக்கே தள்ளுபடி ஆனாலும், விடுவிக்க வேண்டிய நேரத்துக்கு மேல் 48 மணி நேரம் வரை பிடித்து வையுங்கள் என்பதே அதிலுள்ள கோரிக்கை. அந்தப் படிவத்தில் எந்த நீதிபதியின் கையெழுத்தும் கிடையாது. உடன் வரும் வாரண்டிலும் ஐஸ் அதிகாரி ஒருவரே கையெழுத்திட்டிருப்பார். விடுதலை ஆக வேண்டியவரை நீதிபதி கண்ணில் படாத ஒரு காகிதத்தை நம்பி உள்ளே வைத்திருப்பது, சட்டத்தின் பார்வையில் இன்னொரு கைது.

அந்தக் காகிதம் என்ன செய்யும் என்பதற்கு அண்டை மாநிலமான பென்சில்வேனியாவே சாட்சி. 2008-இல் அங்குள்ள லீஹை கவுன்டி சிறையில் ஒருவர் ஜாமீன் கட்டினார். ஆனால் ஐஸ் படிவம் வந்திருக்கிறது என்று சொல்லி அவரை வெளியே விடவில்லை. அவரிடம் ஓட்டுநர் உரிமம் இருந்தது, சமூகப் பாதுகாப்பு அட்டையும் இருந்தது. அவர் நியூஜெர்சியில் பிறந்த அமெரிக்கக் குடிமகன். வார இறுதி முழுவதும் சிறையில் கழித்துத் திங்கட்கிழமைதான் வெளியே வந்தார். அந்த வழக்கில் 2014-இல் மூன்றாம் வட்ட மேல்முறையீட்டு நீதிமன்றம் தெளிவாகத் தீர்ப்பளித்தது. ஐஸ் அனுப்புவது கோரிக்கை மட்டுமே, கட்டளையாகாது. அதை ஏற்று ஒருவரைப் பிடித்து வைத்தால் அதற்குக் கவுன்டியே பதில் சொல்லியாக வேண்டும். நியூஜெர்சியும் இதே நீதிமன்றத்தின் ஆளுகைக்குள்தான் வருகிறது. அதே ஆண்டில் ஓரிகனின் கிளாக்கமஸ் கவுன்டி, இதேபோல் ஒரு பெண்ணைப் பிடித்து வைத்ததால் அரசமைப்பின் நான்காம் திருத்தத்தை மீறியது என்று அங்குள்ள கூட்டாட்சி நீதிமன்றம் கூறியது. தவறு ஐஸ் துறையுடையது, நஷ்டஈடு கவுன்டியின் வரிப்பணத்திலிருந்து. எந்த ஊர் நிர்வாகம் இதற்கு ஒப்பும்?

மத்திய அரசின் சட்டத்தை உள்ளூர் மதிக்காமல் போகலாமா என்று கேட்பவர்கள் உண்டு. நியாயமான கேள்விதான். இதற்கான விடையை இடதுசாரி வழக்கறிஞர் யாரும் புதிதாகக் கண்டுபிடிக்கவில்லை. துப்பாக்கி வாங்குவோரின் பின்னணியை விசாரிக்கும்படி உள்ளூர் ஷெரீப்களை வாஷிங்டன் ஏவ முடியாது என்று 1997-இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. அதை எழுதியவர் பழமைவாதிகள் போற்றும் நீதிபதி ஆன்டனின் ஸ்கலியா. மாநில அதிகாரிகளை மத்திய அரசு தன் ஏவலாட்களாக்க முடியாது என்ற அதே கொள்கையை, நியூஜெர்சியின் விளையாட்டுப் பந்தய வழக்கில் 2018-இல் அதே நீதிமன்றம் மீண்டும் உறுதி செய்தது. பின்னோக்கிப் போனால் 1842 வரை வேர் போகிறது. தப்பி ஓடிய அடிமைகளைப் பிடித்துத் தரும் மத்தியச் சட்டத்தை நிறைவேற்றும் கடமை மாநில அதிகாரிகளுக்கு இல்லை என்று நீதிபதி ஜோசப் ஸ்டோரி எழுதிய ஆண்டு அது. வட மாநிலங்கள் பல அந்தத் தீர்ப்பைப் பற்றிக்கொண்டுதான் தங்கள் சிறைகளையும் காவலர்களையும் அடிமை வேட்டைக்குத் தர மறுத்தன.

நியூஜெர்சியின் கதையும் இதே வரிசையில் வருவதுதான். 2018-இல் அப்போதைய மாநில அட்டர்னி ஜெனரல் குர்பீர் கிரெவால், காவலர்கள் குடியேற்ற வேலையில் இறங்குவதைக் கட்டுப்படுத்தி ஓர் உத்தரவு பிறப்பித்தார். ஓஷன், கேப் மே ஆகிய இரு கவுன்டிகள் அதை எதிர்த்து வழக்குப் போட்டன. 2021-இல் மூன்றாம் வட்ட நீதிமன்றம் உத்தரவு செல்லும் என்றது. தீர்ப்பை எழுதிய நீதிபதி ஸ்டெபனோஸ் பீபாஸ், அதிபர் ட்ரம்ப் நியமித்தவர். இதே காரணத்தைச் சொல்லித்தான் இல்லினாய், சிகாகோ மீது மத்திய அரசு தொடுத்த வழக்கை 2025 ஜூலையில் ஒரு கூட்டாட்சி நீதிபதி தள்ளுபடி செய்தார். நான்கு நகரங்களும் நிற்கும் நிலம் உறுதியானது.

சட்டத்தைவிடப் பெரிதாக நமக்குப் படுவது காவலர் மீதான நம்பிக்கை. 1979-இல் லாஸ் ஏஞ்சலிஸ் காவல் துறை, ஒருவரின் குடியேற்ற நிலையை அறிவதற்கென்றே விசாரணை தொடங்கக்கூடாது என்று தன் காவலர்களுக்கு ஆணையிட்டது. அப்போது தலைவராக இருந்த டேரில் கேட்ஸை மென்மையானவர் என்று யாரும் சொன்னதில்லை. சாட்சி சொல்ல ஆள் வராவிட்டால் துப்புத் துலங்காது என்பது அந்தக் கண்டிப்பான மனிதருக்குத் தெரிந்திருந்தது. 2013-இல் இல்லினாய் பல்கலைக்கழகத்தின் சிகாகோ வளாகம் நடத்திய ஆய்வில், குடியேற்ற நிலையைக் கேட்பார்கள் என்ற பயத்தால் தமக்குக் குற்றம் நேர்ந்தாலும் காவலரை அழைக்கத் தயங்குவோம் என்று லத்தீனோக்களில் 44 விழுக்காட்டினர் கூறினர். ஆவணம் இல்லாதவர்களிடையே அது 70 விழுக்காடு. 2017-இல் டெக்சாஸ் மாநிலம் புகலிட நகரங்களைத் தடைசெய்யும் சட்டத்தை விவாதித்துக்கொண்டிருந்தபோது, ஹிஸ்பானியர் தரும் பாலியல் வன்முறைப் புகார்கள் முந்தைய ஆண்டின் அதே மாதங்களைவிட 40 விழுக்காட்டுக்கும் மேல் குறைந்துவிட்டதாக ஹூஸ்டன் காவல்துறைத் தலைவர் ஆர்ட் அசெவேடோ அறிவித்தார். பெண்களுக்கு எதிரான கொடுமை குறைந்ததால் புகார் குறைந்தது என்று அவர் கருதவில்லை. கணவன் அடித்தாலும், கூலி கொடுக்காமல் முதலாளி ஏமாற்றினாலும், காவலரைக் கூப்பிட்டால் வீட்டில் ஒருவர் நாடு கடத்தப்படுவார் என்று நினைக்கும் குடும்பம் கதவைச் சாத்திக்கொள்ளும். அந்த மூடிய கதவுக்குப் பின்னால் இருக்கும் குற்றவாளி நாளை யார் வீட்டுக்கு வருவான் என்று சொல்ல முடியாது.

புகலிட நகரங்களை எதிர்ப்பவர்களின் கையில் வலுவான ஒரு வழக்கு இருக்கிறது. அதைத் தவிர்த்துவிட்டுப் பேசுவது நேர்மையாகாது. 2015 ஜூலை 1 அன்று சான் பிரான்சிஸ்கோ கடற்கரைத் துறையில் தந்தையுடன் நடந்துகொண்டிருந்த 32 வயதுப் பெண் குண்டு பாய்ந்து இறந்தார். சுட்டவர் ஐந்து முறை நாடு கடத்தப்பட்டவர். ஐஸ் கோரிக்கை இருந்தும் சில மாதங்களுக்கு முன் ஷெரீப் அலுவலகம் அவரை விடுவித்திருந்தது. கொலைக் குற்றத்திலிருந்து நடுவர் குழு அவரைப் பின்னர் விடுவித்தது. அது தற்செயலான வெடிப்பு என்பதே அவர் தரப்பு வாதம். ஆனாலும் ஓர் உயிர் போனது போனதுதான். சுட்டவர் அதற்கு முன் மத்தியச் சிறையில் இருந்தவர். பழைய கஞ்சா வாரண்ட் ஒன்றுக்காக அவரை நகரத்திடம் ஒப்படைத்ததே மத்திய அரசுதான். ஐஸ் நேராகவே அவரைப் பெற்றிருக்கலாம், அல்லது நீதிபதியிடம் வாரண்ட் வாங்கியிருக்கலாம். நகரத்தின் பக்கமும் பிழை உண்டு. விடுதலை செய்யப்போகிறோம் என்று ஐஸ் துறைக்கு ஒரு தொலைபேசி அழைப்புகூடப் போகாதபடி ஷெரீப் அலுவலகம் கதவை அடைத்திருந்தது. நியூஜெர்சி உத்தரவு இந்த இடத்தில் மேலானது. கொடுங்குற்றம் சாட்டப்பட்டவர், தண்டனை பெற்றவர், இறுதி நாடுகடத்தல் ஆணை உள்ளவர் ஆகியோர் விஷயத்தில் ஐஸ் துறைக்கு முன்கூட்டியே தகவல் தர அது அனுமதிக்கிறது. ஒரு துயரத்தைக் காட்டி ஒட்டுமொத்தக் கொள்கையையும் தூக்கி எறிவதைவிட, இப்படிச் செதுக்கித் திருத்துவதே விவேகம். பெரிய கவுன்டிகளை வைத்து 2020-இல் வெளியான ஒரு முக்கிய ஆய்வு, இத்தகைய கொள்கைகளால் நாடு கடத்தல் மூன்றில் ஒரு பங்கு குறைந்தது, வன்முறைக் குற்றத் தண்டனை பெற்றோர் நாடு கடத்தப்படுவது குறையவில்லை, குற்ற விகிதத்திலும் மாற்றம் தெரியவில்லை என்று கண்டறிந்தது.

மறுபக்கம் போன ஊர்களின் அனுபவமும் நம் முன் இருக்கிறது. உள்ளூர்க் காவலருக்குக் குடியேற்ற அதிகாரம் தரும் ‘287(ஜி)’ ஒப்பந்தங்கள் 1996-ஆம் ஆண்டுச் சட்டத்தில் பிறந்தவை. அரிசோனாவின் மரிகோப்பா கவுன்டியில் ஷெரீப் ஜோ அர்பாயோ அந்த அதிகாரத்தை எப்படிப் பயன்படுத்தினார்? தோல் நிறத்தைப் பார்த்து வண்டிகளை நிறுத்தியதாக 2013-இல் கூட்டாட்சி நீதிமன்றம் தீர்ப்பளித்தது. அந்த ஒரு வழக்கால் கவுன்டியின் வரி செலுத்துவோருக்கு இதுவரை பல கோடி டாலர் செலவு. இன்று அதே ஒப்பந்தங்கள் நாடெங்கும் ஆயிரத்தைத் தாண்டிவிட்டன. கையெழுத்திடும் ஊர்களில் பயிற்சி பெற்ற காவலரின் சம்பளத்தையே திருப்பித் தருகிறோம் என்று மத்திய அரசு ஆசை காட்டுகிறது. அந்தப் பணம் மரிகோப்பா செய்ததைப் போன்ற செலவை அடைக்காது.

நியூஜெர்சியில் நிலைமையை மாற்றியவர்கள் நகர மன்ற, கவுன்டிக் கூட்டங்களில் ஒலிபெருக்கி முன் நின்ற சாதாரண மக்கள். ஹட்சன் கவுன்டியை எடுத்துக்கொள்வோம். ஜெர்சி சிட்டி அதற்குள்தான் இருக்கிறது. அந்தக் கவுன்டி தன் சிறையில் ஐஸ் கைதிகளை வைத்திருக்க ஒரு தலைக்கு ஒரு நாளைக்கு நூறு டாலருக்கும் மேல் வாங்கிக்கொண்டிருந்தது. பல கோடி வருமானம். 2018-இல் மக்கள் நெருக்கியதும், 2020 முடிவுக்குள் விலகிவிடுவோம் என்று கவுன்டி ஆட்சிக் குழு வாக்குக் கொடுத்தது. கெடு வந்தபோது வாக்கை மீறி மேலும் பத்தாண்டு வரை நீட்டிக்க வாக்களித்தது. அதற்கு முன் மணிக்கணக்கில் மக்கள் வரிசையில் காத்திருந்து பேசினார்கள். அன்று தோற்றார்கள், ஆனால் ஓயவில்லை. 2021-இல் ஹட்சன், எசெக்ஸ், பெர்கன் ஆகிய மூன்று கவுன்டிகளும் ஒப்பந்தத்திலிருந்து வெளியேறின. அந்த வெற்றியும் கலப்பில்லாதது அன்று. பலர் விடுதலை ஆவதற்குப் பதில், குடும்பத்துக்கும் வழக்கறிஞருக்கும் எட்டாத தொலைவிலிருந்த சிறைகளுக்கு மாற்றப்பட்டார்கள். போராடியவர்களுக்குள்ளேயே இது குறித்துக் கடும் வாக்குவாதம் நடந்தது. 2025-இல் நியூஆர்க்கில் தனியார் நிறுவனத்தின் ஆயிரம் படுக்கைத் தடுப்பு மையம் திறக்கப்பட்டுவிட்டது. தன் கையைத் துடைத்துக்கொண்டதோடு ஒரு கவுன்டியின் கடமை முடிந்துவிடுவதில்லை. பிடிபட்டவர்களுக்கு வழக்கறிஞர் கிடைக்கப் பணம் ஒதுக்குவதும் அதில் அடங்கும்.

இன்னொரு ஓட்டை வழியாக மக்களைப் பற்றிய தகவல் ஒழுகிக்கொண்டிருக்கிறது. சாலையோரக் கம்பங்களில் வண்டி எண்களைப் படிக்கும் கேமராக்களை ஊர் ஊராக வைக்கிறார்கள். திருட்டு வண்டியைப் பிடிக்க என்று சொல்லித்தான் வாங்குகிறார்கள். 2025 ஆகஸ்டில் இல்லினாய் மாநிலச் செயலர், எல்லைக் காவல் துறை தம் மாநிலத்தின் கேமராத் தரவைப் பார்த்திருக்கிறது, இது மாநிலச் சட்டத்துக்கு எதிரானது என்று அறிவித்தார். எவன்ஸ்டன் நகரம் உடனே கேமரா நிறுவனத்துடனான ஒப்பந்தத்தை முறித்தது. காவலர் கேள்வி கேட்கக்கூடாது என்று தீர்மானம் போட்டுவிட்டு, ஊரார் ஒவ்வொருவரும் எங்கே போய்வருகிறார்கள் என்ற பட்டியலைத் திறந்து வைத்தால் அந்தத் தீர்மானத்தால் என்ன பயன்? நகர மன்றங்கள் இனி கேமரா ஒப்பந்தத்தின் ஒவ்வொரு பக்கத்தையும் படித்துவிட்டுத்தான் கையெழுத்திட வேண்டும்.

‘நாங்கள் விசாவோடு முறையாக வந்தவர்கள், இது நம் சண்டை இல்லை’ என்ற பேச்சு எடிசன், ஜெர்சி சிட்டித் தமிழ் வீடுகளில் கேட்பதுதான். வேலை போனால் எச்-1பி விசாக்காரருக்குக் கிடைப்பது அதிகபட்சம் 60 நாள். அவரைச் சார்ந்து வந்த பிள்ளைக்கு 21 வயது ஆனதும் அந்த நிழலும் போய்விடும். முறையாக வந்தவர் முறையற்றவர் ஆவதற்கு ஒரு பணிநீக்கக் கடிதம் போதும். எல்லையில் பிடிபட்ட ஈழத்தமிழர் ஒருவர், தன் புகலிடக் கோரிக்கை சரியாகக் கேட்கப்படவில்லை என்று உச்ச நீதிமன்றம் வரை போனார். 2020-இல் 7-க்கு 2 என்ற கணக்கில் அந்தக் கதவு அவருக்கு மூடப்பட்டது. ஐஸ் கைக்குப் போனபின் நீதிமன்றங்கள் தரும் காப்பு எவ்வளவு மெல்லியது என்று நம்மவரின் வழக்கே காட்டுகிறது. ஒருவரை அந்தக் கையில் ஒப்படைப்பதற்கு முன் உள்ளூர்ச் சிறையில் நீதிபதியின் வாரண்ட் எங்கே என்று கேட்கப்படும் கேள்விதான் பலருக்குக் கடைசிக் காப்பு.

2018-இன் உத்தரவு ஓர் அட்டர்னி ஜெனரலின் பேனாவில் பிறந்தது. அப்படிப் பிறக்கும் உத்தரவை அடுத்து வருபவரின் பேனா அழித்துவிட முடியும். அதன் விதிகள் எளிதில் அழிக்க முடியாத மாநிலச் சட்டமாக நிற்க வேண்டும். நீதிபதியின் வாரண்ட் இல்லாமல் யாரையும் கூடுதலாக ஒரு மணி நேரமும் பிடித்து வைக்கக்கூடாது. கொடுங்குற்ற வழக்குகளில் தகவல் தருவது மட்டும் தொடரலாம். ஐஸ் அனுப்பும் ஒவ்வொரு கோரிக்கையையும், அதற்குக் கவுன்டி தந்த பதிலையும், பெயர்களை நீக்கிவிட்டுப் பொதுமக்கள் பார்வைக்கு வைக்க வேண்டும்.

கவுன்டி ஆட்சிக் குழுவும் நகர மன்றமும் கூடும்போது பொதுமக்கள் பேச நேரம் ஒதுக்குகிறார்கள். அங்கே பேசக் குடியுரிமை தேவையில்லை. குடியுரிமை பெற்ற, வாக்குரிமை உள்ள தமிழர்கள் முதலில் எழுந்து பேசுங்கள். உங்களுக்குப் பயப்பட ஒன்றுமில்லை, பயந்திருப்பவர்களுக்கு உங்கள் குரல் தேவை. உங்கள் ஊரின் அடுத்த கூட்டம் எந்தத் தேதி என்று இன்றே பாருங்கள்.