மலசலகூடங்களை எண்ணினால் போதுமா?

வீட்டுக்கு வீடு மலசலகூடம் இருக்கிறது என்று எமது கிராமங்களைப் பற்றிப் பெருமையாகச் சொல்கிறோம். அது நல்ல முன்னேற்றம்தான். ஆனால், ஒரு கிராமத்தின் சுற்றாடல் சுகாதாரத்தை மதிப்பிட அந்த எண்ணிக்கை மட்டும் போதாது என்பதே எனது கருத்து.

குடிசன மதிப்பீட்டில் குடிநீர் எங்கிருந்து பெறப்படுகிறது, எவ்வகையான மலசலகூடம் பாவிக்கப்படுகிறது என்று கேட்கிறார்கள். கிணற்றுக்கும் மலக்குழிக்கும் இடையே எத்தனை அடி என்பதையும் யாராவது அளக்க வேண்டாமா?

கிழக்கின் கரையோரக் கிராமங்களை எடுத்துக்கொள்வோம். மணல் தரையில் நீர் எளிதில் ஊடுருவும். நிலத்தடி நீரும் அதிக ஆழத்தில் இல்லை. கிணற்றுக்கும் குழிக்கும் இடையே 50 அடியாவது வேண்டும் என்பார்கள். ஆனால் 10 பேர்ச் வளவு சதுரமாக இருந்தால், அதன் ஒரு பக்கமே ஏறக்குறைய 52 அடிதான். தன் கிணற்றைக் காப்பாற்ற ஒருவர் வேலியோரமாகக் குழி வெட்டினால், அது பக்கத்து வீட்டுக் கிணற்றுக்குக் கிட்டவாகிவிடுகிறது. ஆகவே, வீடு வீடாக அல்ல, ஒழுங்கை ஒழுங்கையாகவே பார்க்க வேண்டும்.

பார்க்கும் காலமும் முக்கியம். கோடையில் சரியாகத் தெரியும் குழி, மாரியில் நிலத்தடி நீர் மேலே வரும்போது அந்த நீருடன் கலந்துவிடலாம். அடிப்பகுதிக்குக் கொங்கிறீட் இடாத குழிகளில் இந்த ஆபத்து அதிகம்.

"தண்ணீர் தெளிவாகத்தானே இருக்கிறது" என்பார்கள். கிருமிகளும் நைத்திரேற்றும் கண்ணுக்குத் தெரியாதவை. கொதிக்க வைத்தால் கிருமிகள் சாகும், நைத்திரேற்று போகாது. குடிநீரில் அது லீற்றருக்கு 50 மில்லிகிராமைத் தாண்டக்கூடாது என்கிறது உலக சுகாதார ஸ்தாபனம். அளவு மீறிய நீரில் பால்மா கரைத்துக் கொடுத்தால், கைக்குழந்தையின் இரத்தம் ஒட்சிசனைக் கொண்டுசெல்லும் ஆற்றல் குறையக்கூடும். குழாய் நீர் வந்த பிறகும் பாத்திரம் கழுவுவதும், வுளூச் செய்து வாய் கொப்பளிப்பதும் பல வீடுகளில் கிணற்று நீரில்தான்.

பொதுச் சுகாதாரப் பரிசோதகர் ஒருவரால் எல்லா வளவுகளையும் அளக்க முடியாது. உயர்தர மாணவியராகிய நாம் அளவு நாடாவுடன் சென்று, ஒவ்வோர் ஒழுங்கைக்கும் கிணறு, குழி, கழிவுநீர் வாய்க்கால், குப்பைமேடு என்பவற்றைக் குறித்து வரைபடம் கீறிக் கொடுக்கலாம். அதை வைத்து எந்தக் கிணற்று நீரை ஆய்வுகூடத்துக்கு அனுப்புவது என்று அதிகாரிகள் தீர்மானிக்கலாம். ஆய்வு முடிவு கோப்புக்குள் தூங்காமல் அந்த ஒழுங்கை மக்களுக்கே சொல்லப்பட வேண்டும்.

தோழியரே, இதில் நமக்குத் தனிப் பொறுப்பு உண்டு. பெண்பிள்ளைகளுக்கு வளவைப் பிரித்து வீடு கட்டிக் கொடுப்பது நமது பகுதி வழமை. ஒரு வீடும் ஒரு கிணறும் இருந்த வளவில் இன்று மூன்று வீடுகளும் மூன்று குழிகளும் இருக்கின்றன. அடுத்துப் பிரிக்கப்படும் வளவு நமக்காகத்தான். வீட்டுப் படம் கீறும்போது அறைகள் எத்தனை என்று கேட்பதற்கு முன்னர், குழி எங்கே, கிணறு எங்கே என்று கேட்போம்.