கைப்பேசிக் காணொளி: சாட்சியா, வதந்தியா?

மதுராந்தகம் ஏரி 23.3 அடியை எட்டிக் கலங்கலில் தண்ணீர் பாயும்போது, செய்தியாளர் வந்து சேரும் முன்பே கரையில் நிற்பவரின் கைப்பேசி அதைப் படம்பிடித்துவிடுகிறது. சற்று நேரத்தில் அந்தக் காட்சி தொலைக்காட்சியிலும் ஓடுகிறது. செய்தி பார்த்துக்கொண்டிருந்த நாம் இன்று செய்தி தருபவர்களாகவும் ஆகிவிட்டோம்.

இதன் வலிமையை உலகம் கண்டிருக்கிறது. 2020 மே 25 அன்று அமெரிக்காவின் மினியாபொலிஸ் நகரில் ஜார்ஜ் ஃபிளாய்ட் இறந்தபோது, உடல்நலக் கோளாறால் நேர்ந்த மரணம் போலவே காவல்துறையின் முதல் அறிக்கை சொன்னது. 17 வயதான டார்னெல்லா ஃப்ரேசியர் எடுத்த காணொளிதான் உண்மையை வெளியே கொண்டுவந்தது. அந்தக் காவலர் தண்டிக்கப்பட்டார்.

ஆனால் அதே கைப்பேசி அநீதிக்கும் துணைபோகும். 2020இல் தப்லீக் ஜமாஅத்தினர் மீது கொரோனா பழி சுமத்தப்பட்டபோது, மும்பையில் விசாரணைக் கைதி ஒருவர் காவலர் மீது துப்பிய பழைய காணொளி, நிஜாமுத்தீனிலிருந்து வந்தவரின் செயல் என்று பரப்பப்பட்டது. அந்த ஆண்டு ஆகஸ்டில் வெளிநாட்டு ஜமாஅத்தினர் மீதான வழக்குகளை ரத்து செய்த மும்பை உயர்நீதிமன்றத்தின் ஔரங்காபாத் அமர்வு, அச்சு, காட்சி ஊடகங்களின் பிரச்சாரத்தைக் கண்டித்தது. தீர்ப்பு வந்தது, ஆனால் அதற்குள் விழுந்த பழியைச் சுமந்தவர்கள் எத்தனை பேர்!

2023 மார்ச்சில் தமிழகமும் இதை அனுபவித்தது. வேறு மாநிலங்களில் நடந்த சம்பவங்களின் காணொளிகள், இங்கே பீகார் தொழிலாளர்கள் தாக்கப்படுவதாகப் பரப்பப்பட்டன. பீகார் அரசு குழு அனுப்பி விசாரிக்கும் அளவுக்குப் பதற்றம் போனது.

இரண்டுக்கும் வேர் ஒன்றே. காட்சி பொய்யல்ல, அதோடு ஒட்டப்பட்ட இடமும் தேதியும் பெயரும்தான் பொய். அவற்றைச் சரிபார்ப்பது தொலைக்காட்சியின் கடமை. 'உறுதிசெய்யப்படாத காணொளி' என்று ஓரத்தில் எழுதிவிட்டு நாள் முழுக்க ஓட்டுவதால் அந்தக் கடமை தீராது.

நமக்கும் பொறுப்பு உண்டு. வந்த செய்தியைத் தீர விசாரிக்கச் சொல்கிறது அல்குர்ஆனின் 49ஆம் அத்தியாயம், 6ஆம் வசனம். எனவே, வாட்ஸ்அப் குழுவில் வந்ததை அப்படியே தள்ளிவிட வேண்டாம். நாமே எடுத்த காணொளியானால் வெட்டாத மூலப்பதிவை வைத்திருப்போம். இடம், நேரம் குறித்து அனுப்புவோம். பாதிக்கப்பட்டோர், பெண்கள், குழந்தைகளின் முகங்களைக் காட்டாதிருப்போம்.

தவறான செய்தி ஒளிபரப்பானால் புலம்பலோடு நிற்க வேண்டியதில்லை. 2021ஆம் ஆண்டின் கேபிள் தொலைக்காட்சித் திருத்த விதிகளின்படி சேனலுக்கு எழுத்துமூலம் புகார் தரலாம். 15 நாட்களுக்குள் அவர்கள் தீர்வு சொல்ல வேண்டும். சேனலின் பெயர், நிகழ்ச்சி, தேதி, நேரம் ஆகியவற்றைக் குறித்துவைத்தால் போதும். ஒவ்வொரு மஹல்லாவிலும் படித்த இளைஞர்கள் இருவர் இதற்கு முன்வந்தால், அடுத்த பொய் இவ்வளவு எளிதாக ஓடாது.