குழந்தைகளைப் பிடித்தால் மட்டும் போதுமா?



"குழந்தைகளுக்குப் பயன்படும் ஒரு வேலைக்குப் போக விரும்புகிறேன்" என்று உங்களில் சிலர் சொல்வதுண்டு. நல்ல விருப்பம். பன்னிரண்டாம் வகுப்பில் இயற்பியல், வேதியியல், உயிரியல் படிப்பவர்களுக்கு இவ்விருப்பத்தை நிறைவேற்றும் படிப்புகளுள் இரண்டைப் பற்றி இங்கே பேசுவோம். ஒன்று, எல்லாரும் அறிந்த செவிலியர் படிப்பு, அதாவது நர்சிங். மற்றொன்று, பலர் கேள்விப்படாத ஆக்குபேஷனல் தெரபி. இதைச் செயல்முறை மருத்துவம் எனலாம்.

இவற்றுள் எதைத் தேர்ந்தெடுப்பது? "எனக்குக் குழந்தைகளைப் பிடிக்கும்" என்பது இக்கேள்விக்கு விடையாகாது என்பது என் கருத்து. அந்த அன்பு இரண்டு வேலைக்குமே தேவை. தராசின் இரு தட்டுகளிலும் ஒரே எடையை வைத்தால் முள் எந்தப் பக்கமும் சாயாது அல்லவா? முள்ளைச் சாய்க்க வேறொன்று வேண்டும். அது என்ன என்று பார்ப்போம்.

முதலில் செவிலியரின் வேலை. 10 கிலோ எடையுள்ள குழந்தைக்கு, நரம்பு வழியாக ஒரு நாளில் 1000 மில்லி லிட்டர் திரவம் செலுத்தும்படி மருத்துவர் எழுதுகிறார் என்று வைத்துக்கொள்வோம். மணிக்கு ஏறக்குறைய 42 மில்லி லிட்டர். குழந்தைகளுக்கென உள்ள நுண்துளிக் குழாயில் 60 துளிகள் சேர்ந்தால் ஒரு மில்லி லிட்டர். ஆகவே நிமிடத்துக்கு 42 துளிகள் விழ வேண்டும். ஆனால் 20 துளிக்கு ஒரு மில்லி லிட்டர் தரும் சாதாரணக் குழாயை மாட்டிவிட்டு, அதே 42 துளியை விழவிட்டால் என்ன ஆகும்? கணக்கிட்டுப் பாருங்கள். ஒரு நாள் முழுதும் செல்லவேண்டிய திரவம் எட்டு மணி நேரத்தில் உடலுக்குள் போய்விடும். சிறு உடல் அதைத் தாங்காது. இந்த எளிய பெருக்கல் கணக்கை, இரவு இரண்டு மணிக்கு, பக்கத்துக் கட்டிலில் இன்னொரு குழந்தை அழுதுகொண்டிருக்கும்போது பிழையின்றிப் போட வேண்டும்.

கவனிப்பதும் அப்படியே. ஓராண்டு நிறையாத, இரண்டு மாதத்துக்கு மேற்பட்ட குழந்தை நிமிடத்துக்கு 50 முறையோ அதற்கு மேலோ மூச்சு விட்டால், அது நுரையீரல் அழற்சியின் அறிகுறியாக இருக்கலாம். முழுதாக ஒரு நிமிடம் எண்ணினால்தான் இது தெரியும். குழந்தைக்கோ தன் நோயைச் சொல்ல வாயில்லை. செவிலியின் கண்ணும் கடிகாரமுமே அதன் வாய். ஊசி போடும் அந்தக் கையைக் கண்டு குழந்தை அலறும் என்பதையும் மறக்க வேண்டாம்.

இனி இரண்டாவது வேலை. 'ஆக்குபேஷன்' என்ற சொல் இங்கே உத்தியோகத்தைக் குறிக்கவில்லை. ஒருவருடைய நாளை நிரப்பும் செயல்களைக் குறிக்கிறது. குழந்தைக்கு அவை உண்பது, உடுப்பது, விளையாடுவது, எழுதுவது. மூளை முடக்குவாதம் உள்ள ஒரு குழந்தை தானே கரண்டியால் உண்ண முடியவில்லை என்போம். சோற்றை அள்ளும்போது மெல்லிய கைப்பிடி விரல்களுக்குள் சுழன்றுவிடுகிறது. கைப்பிடியில் துணியைச் சுற்றி அதன் ஆரத்தை இருமடங்காக்கினால், அதே பிடிவிசையால் ஏறக்குறைய இருமடங்கு திருப்புத்திறனைத் தாங்க முடியும். விரல்களை இறுக மடக்கவும் வேண்டியதில்லை. நாற்காலியில் பாதங்கள் தொங்காமல் ஒரு பலகை வைத்தால் உடல் நிலைபெறும். கை தன் வேலையைச் செய்யும். உங்கள் பாடநூலிலுள்ள இயற்பியல்தான் இது.

ஆனால் கரண்டியைத் திருத்துவது ஒரு மணி நேர வேலை. அக்குழந்தை தானே ஒரு வாய் உண்பதற்கு மாதங்கள் ஆகலாம். அதுவரை சோறு மடியில் சிந்தும். "நானே ஊட்டிவிடுகிறேனே" என்று தாய் தவிப்பார். ஊட்டுவது எளிது, ஊட்டாமல் காத்திருப்பதுதான் சிகிச்சை.

வேறுபாடு இப்போது விளங்குகிறதல்லவா? செவிலி, குழந்தையால் முடியாததைத் தானே செய்து அதைக் காக்கிறார். செயல்முறை மருத்துவரோ, குழந்தையே செய்யும்படி தன் கையை அடக்கிக்கொள்கிறார். ஒருவருடைய கடிகாரத்தில் நிமிடமுள் முக்கியம். மற்றவருக்கு நாட்காட்டி முக்கியம். இவ்விரண்டில் எந்தக் கஷ்டத்தை நீங்கள் சலிப்பின்றித் தாங்குவீர்கள் என்பதே முள்ளைச் சாய்க்கும் எடை.

நடைமுறைச் செய்திகளையும் அறிந்துகொள்ளுங்கள். செவிலியர் பட்டப்படிப்பு நான்கு ஆண்டுகள். நம் நாட்டில் இது 1946இல் வேலூரிலும் டில்லியிலும் தொடங்கியது. இதில் பெரியவர்கள், பிரசவம், மனநலம் எல்லாம் படித்தாக வேண்டும். குழந்தை நலச் செவிலியத்தைச் சிறப்பாகப் படிப்பது அதற்குப் பிறகுதான். செயல்முறை மருத்துவப் பயிற்சியை 1950இல் பம்பாய் கே.இ.எம். மருத்துவமனையில் கமலா நிம்ப்கர் தொடங்கினார். இப்பட்டப்படிப்பு, பயிற்சிக் காலத்தையும் சேர்த்து நான்கு ஆண்டுக்கு மேற்பட்டது. இதிலும் பக்கவாத நோயாளிகள், முதியோர் பற்றிய பாடங்கள் உண்டு. நர்சிங் முடித்தவர்களுக்குச் சிற்றூர் முதல் வெளிநாடு வரை வேலைகள் மிகுதி. செயல்முறை மருத்துவர்களுக்கோ பெரும்பாலும் நகரங்களிலுள்ள மருத்துவமனைகள், சிறப்புப் பள்ளிகள், பயிற்சி மையங்களில்தான் வேலை. குடும்பம் விரைவில் உங்கள் சம்பளத்தை எதிர்பார்க்கிறது என்றால் இதையும் எடைபோடுவது தவறன்று.

ஆனால் இரண்டு காரணங்களை மட்டும் ஏற்காதீர்கள். "அந்தப் பெயரையே நாங்கள் கேட்டதில்லை" என்று பெரியவர்கள் தடுப்பது ஒன்று. "எம்.பி.பி.எஸ். இடம் கிடைக்கவில்லை, இதையாவது படிப்போம்" என்பது மற்றொன்று. மனக்குறையோடு வருபவரின் கையில் ஒரு குழந்தையை ஒப்படைக்கலாமா? "இது பெண்களின் வேலை" என்று ஒதுங்கும் மாணவர்களுக்கும் ஒரு சொல்: துளிகளை எண்ணுவதற்கும் பொறுத்திருப்பதற்கும் ஆண், பெண் வேறுபாடு இல்லை.

கோடை விடுமுறையில் ஒரு சோதனை செய்து பாருங்கள். வீட்டிலோ பக்கத்திலோ உள்ள நான்கு வயதுக் குழந்தை தானே சட்டைப் பொத்தானைப் போடட்டும். நீங்கள் கையைக் கட்டிக்கொண்டு அருகில் இருங்கள். ஐந்து நிமிடம் கழிந்தும் உங்கள் கை அதன் பொத்தானுக்குப் போகவில்லையா? அடுத்து, காய்ச்சலில் கிடக்கும் ஒருவருக்கு மூன்று நாட்கள் வேளை தவறாமல் வெப்பநிலையைக் குறித்து, மருந்து கொடுத்துப் பாருங்கள். ஒரு வேளையும் தவறவில்லையா? எது உங்களுக்கு இயல்பாக வந்தது என்று ஒரு தாளில் எழுதி வையுங்கள். விண்ணப்பத்தை நிரப்பும் நாளில் அந்தத் தாள் உதவும்.