பச்சை பீர் ஒருநாள் கூத்து... சோடா ரொட்டிக்கு மறுவாரமும் வருவார்கள்!

மார்ச் 17 நெருங்கினால் அமெரிக்காவில் எங்கு பார்த்தாலும் பச்சை. சட்டை பச்சை, தொப்பி பச்சை, கேக் பச்சை. சிகாகோவில் ஆற்றுக்கே சாயம் ஊற்றிவிடுவார்கள். 1962-ல் தொடங்கிய வழக்கம் அது. அயர்லாந்தின் பாதுகாவலரான புனித பேட்ரிக்கின் திருநாளுக்குத்தான் இத்தனை அமர்க்களமும்.

ஓட்டல், பார் நடத்துபவர்களுக்கு இது கல்லா நிறையும் நாள். பலரும் எடுக்கும் முதல் ஆயுதம் பச்சை பீர். செய்வது மிகச் சுலபம். மஞ்சள் நிற பீரில் நீல நிற உணவுச் சாயம் சில துளிகள் விட்டால் பச்சையாகிவிடும். ருசியில் பெரிய மாற்றம் இருக்காது. சிக்கலும் அதில்தான் இருக்கிறது. தெருவில் உள்ள பத்துக் கடையிலும் அதே பச்சை பீர் கிடைக்கும்போது, பதினோராவதாக உங்கள் கடைக்கு ஏன் வரவேண்டும்?

பப் மூடிய திருநாள்

இன்னொரு வேடிக்கை. அயர்லாந்தில் 1920களில் தொடங்கி 1960 வரை இந்த நாளில் பப்களைத் திறக்கச் சட்டமே அனுமதிக்கவில்லை. கோயிலுக்குப் போவதும், வீட்டோடு உட்கார்ந்து சாப்பிடுவதும்தான் அன்று முக்கியம். அதாவது, இது அடிப்படையில் குடும்பத்துத் திருநாள். இதைப் புரிந்துகொண்ட கடைக்காரர் குடிக்க வரும் இளைஞர்களோடு நின்றுவிடாமல், பாட்டி முதல் பேரன் வரை மொத்தக் குடும்பத்தையும் மேஜைக்கு அழைப்பார்.

அவர்களுக்கு என்ன பரிமாறுவது? அமெரிக்க மெனுவில் முதலிடம் 'கார்ன்ட் பீஃப்' மற்றும் முட்டைகோஸுக்கு. 'கார்ன்' என்றதும் சோளம் என்று நினைக்க வேண்டாம். அது இறைச்சியை ஊறவைக்கும் கல் உப்பைக் குறிக்கும் பழைய சொல். அயர்லாந்து வீடுகளில் முட்டைகோஸுக்கு ஜோடி பன்றி இறைச்சிதான். 1845-ல் உருளைக்கிழங்குப் பயிரை நோய் தாக்கி, பஞ்சம் வந்து, சுமார் 10 லட்சம் பேர் மாண்டார்கள். அதற்கும் மேற்பட்டவர்கள் பிழைப்பு தேடிக் கப்பலேறினார்கள். அப்படி அமெரிக்கா வந்தவர்களுக்குக் கட்டுப்படியான விலையில் கிடைத்தது உப்பில் ஊறிய மாட்டிறைச்சி. ஊர் ஞாபகத்தில் அதையே முட்டைகோஸோடு வேகவைத்தார்கள். இந்தக் கதையை மெனு அட்டையில் நாலு வரியில் அச்சிட்டால் போதும். தட்டில் இருப்பதற்குத் தனி மதிப்பு வந்துவிடும்.

மற்ற பதார்த்தங்களும் ஏழை வீட்டுச் சமையல்தான். மசித்த உருளைக்கிழங்கில் முட்டைகோஸும் வெண்ணெயும் கலந்தால் 'கோல்கேனன்'. ஈஸ்ட் இல்லாமல் மாவு, உப்பு, சமையல் சோடா, மோர் சேர்த்துச் சுட்டால் சோடா ரொட்டி. மோரின் புளிப்பு சோடாவோடு சேர்ந்து மாவை உப்பவைக்கும். மணிக்கணக்கில் காத்திருக்க வேண்டாம். பொருட்செலவு குறைவு. சுடச்சுட வெண்ணெய் தடவிக் கொடுத்தால் குழந்தைகள் இரண்டாவது துண்டு கேட்பார்கள்.

மிதக்கும் கிரீம்

பானங்களில் சாயமே வேண்டாத நட்சத்திரம் ஐரிஷ் காபி. 1943-ல் அயர்லாந்தின் ஃபாய்ன்ஸ் விமானத்துறையில், குளிரில் நடுங்கிய பயணிகளுக்காக ஜோ ஷெரிடன் என்ற சமையற்காரர் சூடான காபியில் விஸ்கி கலந்து கொடுத்ததில் பிறந்தது. 1952-ல் சான்ஃபிரான்சிஸ்கோவின் பியூனா விஸ்டா கஃபே அதை அமெரிக்காவில் பிரபலமாக்கியது. ஆரம்பத்தில் அங்கே கிரீம் மிதக்காமல் மூழ்கிக்கொண்டே இருந்ததாம். சூட்சுமம் இதுதான்: காபியில் சர்க்கரை நன்றாகக் கரைந்திருக்க வேண்டும், கிரீமை லேசாக அடித்து, கரண்டியின் முதுகில் மெல்ல வழியவிட வேண்டும். கலக்கக் கூடாது. குளிர்ந்த கிரீம் வழியாகச் சூடான காபி இறங்குவதுதான் சுகம். மது தொடாதவர்களுக்கு விஸ்கி இல்லாமல் அதே கோப்பையில், அதே அழகோடு கொடுக்கலாம்.

பெயரில் கவனம்

ஒரு விஷயத்தில் மட்டும் சறுக்கவே கூடாது. 'ஐரிஷ் கார் பாம்' என்ற பெயரில் ஒரு பானம் அமெரிக்க பார்களில் உண்டு. வட அயர்லாந்தில் 1998-ல் சமாதான ஒப்பந்தம் ஏற்படும்வரை, சுமார் 30 ஆண்டு மோதலில் 3,500-க்கும் மேற்பட்டோர் உயிரிழந்தார்கள். கார் குண்டுகளில் சிதறியவர்களும் அதில் உண்டு. அப்பாவையோ அண்ணனையோ அப்படிப் பறிகொடுத்த ஒருவர் உங்கள் கடைக்கு வந்து அந்த மெனுவைப் படித்தால்? ஒரு வீட்டின் இழவு இன்னொருவரின் கேளிக்கைக்குப் பெயராகலாமா? பெயரை மாற்றினால் பானத்தின் ருசி குறையப்போவதில்லை.

சின்னத் தவறுகளும் கண்ணை உறுத்தும். செல்லமாகச் சொன்னால் 'பேடி'ஸ் டே'. 'பேட்டி' என்றால் அது பாட்ரிசியா என்ற பெண்ணின் சுருக்கம். பேட்ரிக்கின் அடையாளம் மூன்று இலை ஷாம்ராக். அலங்காரத்தில் நாலு இலை வைத்தால், விவரம் தெரிந்த ஐரிஷ்காரர் உள்ளுக்குள் சிரித்துக்கொள்வார்.

வந்தவர்கள் பத்திரமாக வீடு திரும்புவதும் கடையின் பொறுப்புதான். பானத்துக்கு முன்னால் ரொட்டியும் ஸ்டியூவும் மேஜைக்கு வரட்டும். வெறும் வயிற்றில் குடிப்பதற்கும் சாப்பிட்டுக் குடிப்பதற்கும் வித்தியாசம் நிறைய. ஆனாலும், குடித்தவர் கையில் கார் சாவி வேண்டாம். டாக்ஸி வரவழைத்துக் கொடுப்பதே நல்லது.

பச்சைச் சாயம் அன்றிரவு பாத்திரம் கழுவும்போதே போய்விடும். அடுத்த வாரம் ஒரு குடும்பம் கதவைத் திறந்து, "அந்த சோடா ரொட்டி இன்னிக்கும் இருக்கா?" என்று கேட்டால், திருநாள் வியாபாரம் ஜெயித்தது என்று அர்த்தம்.