கடவத்துக்கு இடமில்லாத பேருந்து

ரஷ்யாவின் வடகோடியில் எண்ணெயும் எரிவாயுவும் எடுக்கும் களங்களுக்குத் தொழிலாளர் நெடுந்தொலைவு பயணம் செய்து, வாரக்கணக்கில் தங்கி உழைத்து, வீடு திரும்புகின்றனர். 'வாஹ்தா' எனப்படும் இம்முறைக்கு அந்நாட்டுத் தொழிலாளர் சட்டத்தில் தனி அதிகாரமே உண்டு. வழியில் கழியும் நாட்களுக்கும் நாட்கூலி தர வேண்டும் என்கிறது அது. வேலைக்குப் போவதும் வேலையில் அடக்கம் என்ற எளிய நியாயம்தான். இராஜாக்கமங்கலம் துறையிலிருந்து மீன் சுமந்து செல்லும் பெண்களை நினைக்கும்போது இந்த நியாயம் நம் மனத்தை உறுத்துகிறது. அவர்களுக்கு முதலாளி என்று எவரும் இல்லை. வழிக்கூலியை யாரிடம் கேட்பது?

கரையில் ஏலம் முடிந்து, மீன் கடவத்தில் ஏறிய நொடியிலிருந்து அவர்களின் பயணம் காலத்தோடு நடக்கும் போட்டி. வெயில் ஏற ஏற மீனின் விலை இறங்கும். ஒரு பேருந்து நிற்காமல் போனால் அன்றைய இலாபத்தில் ஒரு பங்கு போயிற்று. நாலைந்து பேர் சேர்ந்து ஆட்டோ பிடித்தால் வாடகை இன்னொரு பங்கைத் தின்கிறது. சும்மாடு கட்டி நடந்தே ஊர் சேர்ந்த முந்தைய தலைமுறைக்கு வழியில் சுமைதாங்கிக் கற்களாவது இருந்தன. சூலுற்று இறந்த பெண்ணின் நினைவாக அக்கற்களை நட்ட சமூகம், தலைச்சுமையோடு வருகிறவளுக்கும் பாதையில் உரிமை உண்டு என்று ஏற்றிருந்தது. பேருந்தை வடிவமைத்தவர்களோ தோளில் ஒரு பை மாட்டிய பயணியைத் தவிர வேறெவரையும் கருதியதாகத் தெரியவில்லை.

2021 மே மாதம் தமிழக அரசு சாதாரணக் கட்டண நகரப் பேருந்துகளில் மகளிர்க்குக் கட்டணமில்லாப் பயணம் அளித்தது. பெரிய காரியம்; அதைக் குறைத்துப் பேசுவது நம் நோக்கமன்று. ஆனால் அதே ஆண்டு டிசம்பரில் குளச்சல் பேருந்து நிலையத்தில், மீன் விற்றுத் திரும்பிய முதிய பெண்ணொருவர் நாற்றம் வீசுகிறது என்று பேருந்திலிருந்து இறக்கிவிடப்பட்டார். முதலமைச்சர் கண்டித்தார், ஊழியர் மூவர் பணியிடைநீக்கம் செய்யப்பட்டனர். கூடை எங்கே இருக்க வேண்டும் என்ற கேள்வியை அப்போது எவரும் எழுப்பியதாக நினைவில்லை. மூவரைத் தண்டிப்பது எளிது, பேருந்தின் பின்பகுதியை மாற்றியமைப்பது கடினம் போலும்.

நற்றிணையின் 45ஆம் பாட்டை வகுப்பில் நடத்தும்போதெல்லாம் இந்நிகழ்ச்சி இப்போது குறுக்கே வந்து நிற்கிறது. அங்கே, தேரில் வரும் செல்வனிடம், எங்கள்மேல் புலால் வீசும், விலகி நில் என்று சொல்பவள் பரதவர் குலத்துத் தோழி. குளச்சலில் அச்சொல் இடம் மாறிவிட்டது.

வழியே இல்லையா என்றால், எல்லைக்கு அப்பால் பார்க்கலாம். 1956 வரை நாமும் இருந்த திருவிதாங்கூர்ப் பகுதியில், திருவனந்தபுரத்து மீன்காரப் பெண்கள் பேருந்தில் ஏறும் உரிமைக்காக 1980ஐ ஒட்டிய ஆண்டுகளில் வீதியில் இறங்கிப் போராடித் தனிப்பேருந்து பெற்றனர். 2021இல் கேரளத்து மீன்வளத்துறையும் போக்குவரத்துக் கழகமும் சேர்ந்து 'சமுத்ரா' என்ற பெயரில், மீன்கூடை வைக்க இடம் ஒதுக்கிய மூன்று பேருந்துகளை அவர்களுக்காகக் கட்டணமின்றி இயக்கத் தொடங்கின. தனிப்பேருந்து தீட்டைத் தனியே ஒதுக்கும் ஏற்பாடாகிவிடாதா என்று நண்பர்கள் சிலர் கேட்கின்றனர். நியாயமான அச்சம். ஆகவேதான் எல்லாரும் ஏறும் பேருந்திலேயே பின்பக்கம் இரண்டு இருக்கைகளைக் கழற்றி, நீர் வடியும் தகடு பதித்து, கடவத்துக்கு இடம் விட வேண்டும் என்கிறோம். முதலில் துறைகளைத் தொட்டுச் செல்லும் காலைப் பேருந்துகளில் செய்தால் போதும். நேரத்தையும் சேர்த்துக் கேட்க வேண்டும். பள்ளி மணியையும் அலுவலக மணியையும் பார்த்து எழுதிய கால அட்டவணைகள் உண்டு. படகு கரை சேரும் நேரத்தைக் கேட்டு எழுதிய ஒன்றை நாம் இதுவரை கண்டதில்லை.