கணக்குக் கேட்பது துரோகமல்ல

வவுனியாவைத் தாண்டினால் அநுராதபுரம். அந்த வடமத்திய மாகாணத்தின் முதலமைச்சராக இருந்த எஸ்.எம். ரஞ்சித்துக்கு 2025 ஏப்பிரல் 2ஆம் திகதி கொழும்பு மேல் நீதிமன்றம் 16 ஆண்டு கடூழியச் சிறைத் தண்டனை விதித்தது. அவருடைய பிரத்தியேகச் செயலாளராக இருந்த மைத்துனிக்கும் அதே தண்டனை. நெடுஞ்சாலை ஒப்பந்தத்தில் கொமிஷன் வாங்கினார்கள் என்றோ, வெளிநாட்டு வங்கியில் பணம் பதுக்கினார்கள் என்றோ அந்த வழக்கு தொடுக்கப்படவில்லை. 2012 முதல் 2014 வரையான காலத்தில் உரித்தில்லாத எரிபொருள் கொடுப்பனவு பெறப்பட்டது என்பதே குற்றம். தொகை 20 இலட்சம் ரூபாவுக்குச் சற்று மேல்.

தீர்ப்பு வந்த நாட்களில் எங்கள் பக்கத்துக் கடைவாசல்களில் ஒரே கேள்விதான் கேட்டது. "எண்ணெய்க் காசுக்கே பதினாறு வருஷம்? நாட்டையே வித்தவங்கள் வெளியில திரியிறாங்களே!" கேள்வியில் நியாயம் இருக்கிறது. நாடு வங்குரோத்தாகியதற்கு ராஜபக்ச சகோதரர்கள் உள்ளிட்டோர் பொறுப்பு, அவர்கள் மக்களின் நம்பிக்கையை மீறினார்கள் என்று 2023 நவம்பர் 14ஆம் திகதி உயர் நீதிமன்றமே சொன்னது. அது அடிப்படை உரிமை வழக்கு என்பதால் அதன்பேரில் ஒருவரும் சிறைக்குப் போகவில்லை. ஆனாலும் பெரிய கள்ளன் தப்பினான் என்பதற்காகச் சின்னக் களவைப் பொறுத்துக்கொள்ள வேண்டும் என்று நான் நினைக்கவில்லை. பொதுப்பணத்தின்மேல் வைக்கும் முதல் கை எப்போதும் இப்படிச் சின்னத் தொகையில்தான் விழுகிறது.

அரச வாகனம் ஒவ்வொன்றுக்கும் ஓட்டப் பதிவேடு ஒன்று உண்டு. சாரதிமார் 'றனிங் சார்ட்' என்பார்கள். திகதி, புறப்பட்ட இடம், போய்ச் சேர்ந்த இடம், புறப்படும்போது மீற்றர், திரும்பி வரும்போது மீற்றர், பயணத்தின் நோக்கம், பயணித்தவரின் கையொப்பம். சிறிய சிறிய கட்டங்கள். நோக்கம் என்ற கட்டத்தில் 'களப் பயணம்' என்று இரண்டு சொல் எழுதிவிட்டால் போதும், கலியாணவீட்டுக்குப் போன வாகனமும் மக்கள் பணிக்குப் போனதாகிவிடும். சாரதிக்குத் தெரியும். பதிவேட்டைப் பார்க்கும் எழுதுவினைஞருக்கும் தெரியும். மேலே கையொப்பம் வைத்தவர் பெரியவர் என்பதால் இருவரும் பேசாமல் இருப்பார்கள். அந்தப் பேசாமை பழகிவிட்டால் அடுத்த கட்டம் கேள்விப்பத்திரம், அதற்கடுத்தது நியமனம், பிறகு காணி.

2025 மே 29ஆம் திகதி இன்னொரு தீர்ப்பு வந்தது. முன்னாள் விளையாட்டுத்துறை அமைச்சர் மஹிந்தானந்த அளுத்கமகேவுக்கு 20 ஆண்டு, அரச விற்பனை நிறுவனமான சதொசவின் தலைவராக இருந்து பின்னர் வர்த்தக அமைச்சரான நளின் பெர்னாண்டோவுக்கு 25 ஆண்டு. 2015 ஜனாதிபதித் தேர்தலுக்கு முன்னர் 14,000 கரம் பலகைகளும் 11,000 தாம் பலகைகளும் சதொச ஊடாக வாங்கி, விளையாட்டுக் கழகங்களுக்கென்று விநியோகித்ததில் அரசுக்கு 5 கோடி 30 இலட்சம் ரூபா நட்டம் என்பது வழக்கு. மூன்று நீதிபதிகள் சேர்ந்திருந்து கொடுத்த தீர்ப்பு அது. கிராமத்துப் பொடியள் விளையாடும் பலகைக்குள்ளும் தேர்தல் செலவை ஒளித்துவைக்க முடியும் என்று அந்த வழக்கு காட்டியது.

இந்த இரண்டு வழக்குகளையும் வட்டுக்கோட்டையில் இருந்து எழுதுவதற்கு எனக்குக் காரணம் இருக்கிறது. அரசியல்வாதி சிறைக்குப் போவது என்றால் எங்கள் ஊருக்கு வேறொரு நினைவுதான் வரும். 1961இல் யாழ்ப்பாணக் கச்சேரி வாசலில் சத்தியாக்கிரகம் இருந்த தமிழரசுக் கட்சித் தலைவர்களை அவசரகாலச் சட்டத்தின் கீழ் பிடித்துக்கொண்டுபோய்ப் பனாகொடை முகாமில் அடைத்தார்கள். 1956 முதல் 1970 வரை எங்கள் தொகுதியின் பாராளுமன்ற உறுப்பினராக இருந்த அ. அமிர்தலிங்கமும் அவர்களில் ஒருவர். 1976 மே 14ஆம் திகதி பண்ணாகத்தில், தனித் தமிழீழம் கோரும் வட்டுக்கோட்டைத் தீர்மானம் நிறைவேறியது. அடுத்த வாரமே துண்டுப்பிரசுரம் விநியோகித்தார் என்று அவரை மறுபடியும் கைது செய்தார்கள். அந்த வழக்கில் அவர் தரப்பில் எழுந்து நின்ற சட்டத்தரணிகளில் செல்வநாயகமும் ஜீ.ஜீ. பொன்னம்பலமும் இருந்தார்கள். அந்தத் தலைமுறைக்குச் சிறை என்பது மாலை போட்டு வரவேற்கும் இடம். அந்த மரியாதை அவர்களுக்கு உரியது. அதில் எனக்கு இரண்டாம் பேச்சில்லை.

ஆனால் அந்த மரியாதைக்குள்ளேயே ஒரு குறையும் வளர்ந்தது. எங்கள் அரசியல்வாதிகளை நாங்கள் ஒரே தராசில்தான் நிறுத்துவந்தோம். இனத்துக்காக நிற்கிறானா, விலைபோனானா? தியாகியா, துரோகியா? ஆட்சியும் அதிகாரமும் நிதியும் எங்கள் கையில் இல்லாத காலத்துக்கு அந்தத் தராசு போதுமாக இருந்தது. மாகாண சபையும் பிரதேச சபையும் வந்து, எங்கள் ஆட்களே காசோலையில் கையொப்பம் வைக்கத் தொடங்கியபோது இன்னொரு கேள்வியும் தேவைப்பட்டது: தந்த காசுக்குக் கணக்கு எங்கே? அந்தக் கேள்வியைக் கேட்க நாங்கள் பழகவில்லை.

2017ஐ நினைத்துப் பாருங்கள். 2013 செப்டெம்பரில் 38 ஆசனங்களில் 30ஐத் தமிழ்த் தேசியக் கூட்டமைப்புக்குக் கொடுத்து வட மாகாண சபையை அனுப்பிவைத்தோம். அமைச்சர்கள் மீது முறைகேட்டுக் குற்றச்சாட்டுகள் எழுந்தபோது முதலமைச்சர் சி.வி. விக்னேஸ்வரன் விசாரணைக்குழு அமைத்தார். தமிழ் ஆட்சியமைப்பு ஒன்று தன் அமைச்சர்களைத் தானே விசாரிக்க முன்வந்தது நல்ல காரியம். அறிக்கை வந்தது. விவசாய அமைச்சரையும் கல்வி அமைச்சரையும் பதவி விலகும்படி 2017 ஜூனில் முதலமைச்சர் கேட்டார். மற்ற இரு அமைச்சர்களையும் விடுமுறையில் இருக்கச் சொன்னார். அதோடு கணக்கு விவகாரம் கட்சி விவகாரமாக மாறியது. முதலமைச்சருக்கு எதிராக ஆளுநரிடம் நம்பிக்கையில்லாப் பிரேரணை போனது. அவருக்கு ஆதரவாகக் கடையடைப்பு நடந்தது. கூட்டமைப்பின் தலைவர் சம்பந்தனுக்கும் அவருக்கும் இடையில் கடிதங்கள் போய் வந்தன. பிரேரணை மீளப் பெறப்பட்டது. முதல் இரு அமைச்சர்களும் பதவி விலகினார்கள்.

அந்த இருவரையும் எந்த நீதிமன்றமும் குற்றவாளிகள் என்று சொல்லவில்லை. ஆகவே நானும் சொல்ல மாட்டேன். என் ஆதங்கம் வேறு. குற்றம் செய்திருந்தால் வழக்கு வந்திருக்க வேண்டும். செய்யாவிட்டால் நீதிமன்றத்தில் பேர் துலங்கியிருக்க வேண்டும். இரண்டும் நடக்கவில்லை. நாங்களோ ஒரு பக்கம் விக்னேஸ்வரன் ஆட்கள், மறுபக்கம் சம்பந்தன் ஆட்கள் என்று பிரிந்து நின்று சத்தம் போட்டோம். எந்தத் திட்டத்தில் எவ்வளவு, யாருக்கு, எந்த விதிக்கு மாறாக என்று அறிக்கையை வாசித்துவிட்டுப் பேசியவர்கள் எத்தனை பேர்? 2018 ஒக்டோபரில் சபையின் காலமும் முடிந்தது. அதன்பிறகு மாகாண சபைத் தேர்தலே நடக்கவில்லை. கேள்வி கேட்டவர்களும் பதில் சொல்ல வேண்டியவர்களும் கலைந்து போனார்கள்.

இப்படி எழுதும்போது ஒரு குரல் கட்டாயம் எழும். "அரசாங்கமே எங்களை நசுக்கிக்கொண்டிருக்கேக்க, எங்கட ஆக்களை நாங்களே காட்டிக்குடுக்கிறதோ? கொழும்பு இதைப் பிடிச்சு வைச்சுக்கொண்டு அதிகாரத்தைத் தராமல் விடாதோ?" இந்தப் பயம் வெறும் கற்பனை இல்லை. ஊழல் வழக்கைக் கொண்டு அரசியல் எதிரியை முடக்குவது இந்த நாட்டில் நடக்காததல்ல. ஆனால் களவை மூடிவைத்தால் அந்த ஆயுதத்தைக் கொழும்பின் கையில் கொடுப்பவர்கள் நாங்களே. எங்கள் கணக்கை நாங்களே பகிரங்கமாக வைத்திருந்தால் யாரும் அதைத் தூக்கிக்காட்டி எங்களை மிரட்ட முடியாது. அதிகாரப் பகிர்வு கேட்கும் ஒரு மக்களுக்கு, கிடைத்த சிறு அதிகாரத்தை நேர்மையாக நடத்திக் காட்டுவதைவிட வலுவான வாதம் வேறில்லை.

சிறைத் தண்டனை மட்டும் இதற்கு மருந்தாகாது என்பதையும் சொல்ல வேண்டும். வடமத்திய மாகாணத்தில் காசு போனது 2012 முதல் 2014 வரை. தீர்ப்பு வந்தது 2025இல். கரம் பலகை விவகாரமும் தீர்ப்புவரைக்கும் பத்தாண்டு இழுத்தது. மேன்முறையீடு வேறு இருக்கிறது. அந்தப் பத்தாண்டில் அந்த ஊர்ப் பிள்ளைகள் பள்ளிக்கூடம் முடித்து வெளியே வந்துவிட்டார்கள். போன காசில் நடந்திருக்க வேண்டிய வேலை நடக்காமலே போய்விட்டது.

அண்மையில் எங்கள் அயலில் ஒரு மதகு கட்டிக்கொண்டிருந்தார்கள். பக்கத்தில் திட்டப் பெயர்ப்பலகை. நிதி எங்கிருந்து, மதிப்பீட்டுத் தொகை எவ்வளவு, ஒப்பந்தகாரர் யார், எப்போது முடியவேண்டும் எல்லாம் அதில் இருந்தது. இளைப்பாறிய ஆசிரியர் ஒருவர் கண்ணாடியைத் தூக்கிவிட்டு அதை வாசித்துக்கொண்டிருந்தார். சைக்கிளில் வந்த மேசன் ஒருவர் காலை ஊன்றி நின்றார்.

"மாஸ்டர், உதில எவ்வளவு எண்டு போட்டிருக்கு?"

அவர் தொகையைச் சொன்னார். மேசன் இறங்கி, காலடியால் நீளத்தை அளந்தார். இவ்வளவு பை சீமெந்து, இத்தினை லோட் மணல், இத்தினை லோட் சல்லி, இந்தக் கனத்தில் கம்பி, இவ்வளவு கூலி என்று விரல் மடித்துக் கணக்குப் பார்த்தார்.

"பிழையில்லை மாஸ்டர், கணக்குக் கிட்டத்தட்டச் சரியாத்தான் வருது. ஆனா கம்பி கட்டேக்க ஒருக்கா வந்து பாக்கவேணும். கொங்கிறீற் போட்டு மூடினாப் பிறகு உள்ளுக்க என்ன கிடக்குதெண்டு ஆராலும் சொல்லேலாது."

"அப்ப கம்பி கட்டுற நாளைக்கு என்னையும் கூப்பிடு, தம்பி" என்றார் ஆசிரியர்.

நான் இந்தப் பத்தியில் சொல்ல வந்தது முழுவதும் அந்த மேசனின் பேச்சில் இருக்கிறது. தேசிய கணக்காய்வு அலுவலகம் வரும்போது எல்லாம் மூடப்பட்டிருக்கும். இலஞ்ச ஊழல் ஆணைக்குழு வரும்போது அதன்மேல் வாகனங்கள் ஓடி வருஷங்கள் ஆகியிருக்கும். மூடுமுன் பார்க்கக்கூடியவர் ஊரவர் மட்டும்தான். பார்த்துப் புரிந்துகொள்ளும் அறிவும் ஊரில் இருக்கிறது. சந்தைக் குத்தகை எவ்வளவுக்குப் போகவேண்டும் என்று மரக்கறி வியாபாரிக்குத் தெரியும். குப்பை ஏற்றும் உழவு இயந்திரம் கிழமையில் எத்தனை நாள் வந்தது என்று ஒழுங்கையில் இருக்கும் அம்மாவுக்குத் தெரியும்.

2023 மார்ச்சில் உள்ளூராட்சி சபைகளின் காலம் முடிந்து, இரண்டு ஆண்டுக்கு மேலாகச் செயலாளர்களே சபைகளை நடத்தினார்கள். 2025 மே 6இல் தேர்தல் நடந்து வலிகாமம் மேற்குப் பிரதேச சபைக்கும் மறுபடி உறுப்பினர்கள் வந்திருக்கிறார்கள். சுழிபுரத்தில் இருக்கும் அந்தச் சபை எங்களுக்குக் கொழும்பைப்போலத் தூரமில்லை. சைக்கிளில் போய்வரலாம். எந்தச் சபையின் மேலும் சந்தேகம் சொல்ல இதை எழுதவில்லை. நேர்மையான உறுப்பினருக்கும் கேள்வி கேட்கும் மக்கள்தான் பாதுகாப்பு. "சனம் கேக்குது, என்னால ஏலாது" என்று நெருக்குபவர்களுக்குப் பதில் சொல்ல அவருக்கு ஒரு பிடி வேண்டும்.

வழிகள் சட்டத்திலேயே இருக்கின்றன. சபையின் குழுக்களில் உறுப்பினரல்லாத ஊரவர்களையும் சேர்க்க 1987ஆம் ஆண்டின் பிரதேச சபைச் சட்டம் இடம் தருகிறது. 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் கீழ் எந்தப் பிரஜையும் தமிழிலேயே விண்ணப்பிக்கலாம். ஏன் கேட்கிறீர்கள் என்று காரணம் சொல்லத் தேவையில்லை. தருவதா இல்லையா என்று 14 வேலைநாட்களுக்குள் தீர்மானிக்க வேண்டும். வாகனத்தின் ஓட்டப் பதிவேடு, வீதியின் மதிப்பீடு, குத்தகைக்கு வந்த கேள்விகள், கணக்காய்வு அறிக்கை, எல்லாம் கேட்கலாம். இலஞ்ச ஊழல் ஆணைக்குழுவின் தொலைபேசி இலக்கம் 1954. அதை ஆதாரத்தோடு மட்டும் பயன்படுத்துங்கள். அயலானோடு இருக்கும் வேலிச் சண்டையை ஊழல் முறைப்பாடாக்கினால் உண்மையான முறைப்பாடும் மதிப்பிழக்கும்.

சனசமூக நிலையங்கள், கிராம அபிவிருத்திச் சங்கங்கள், பழைய மாணவர் சங்கங்கள் எல்லாவற்றுக்கும் என் வேண்டுகோள் ஒன்றுதான். வெளிநாட்டில் இருந்து வரும் நன்கொடைக்கு ரசீது கேட்கும் நீங்கள், உங்கள் சோலைவரிக்கும் கணக்குக் கேளுங்கள். அடுத்த வரவு செலவுத் திட்டத்தின் பிரதி ஒன்றை உங்கள் வட்டார உறுப்பினரிடம் வாங்கி, நிலையத்தின் மேசையில் பத்திரிகைகளோடு வையுங்கள். ஊரில் ஒரு மதகோ வீதியோ போடத் தொடங்கினால் ஒரு மேசனையும் ஒரு மாஸ்டரையும் சேர்த்து அனுப்புங்கள். கம்பி கட்டுகிற நாளிலேயே அனுப்புங்கள்.